ஏழாம் எண் சீட்டு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் மனைவி சொல்வாள். வேலை தெரிந்தவனுக்குத்தான் கோபம் வரும் என்று நானும் வெகுகாலம் அதைப் பெருமையாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். புதுக்கோட்டையில் கணினி பழுது பார்ப்பது என் பிழைப்பு. கடை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஒரு பைக், முதுகில் ஒரு பை, அதற்குள் இரண்டு திருப்புளி, நாலு பென்டிரைவ், அவ்வளவுதான்.

ஒரே முதலாளிக்குச் சொந்தமான மூன்று ரத்தப் பரிசோதனை லேபுகள் சில வருடங்கள் என் பொறுப்பில் இருந்தன. ஒன்று கந்தர்வக்கோட்டையில், ஒன்று திருவரங்குளத்தில், மற்றொன்று குன்றாண்டார்கோவிலில். இப்போது அவை என் கையில் இல்லை. முதலாளியிடம் நடந்ததை நானே சொன்னேன், அதனால் போயின. போனதில் எனக்கு வருத்தம் இல்லை. சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் இருந்துவிட்டேன், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

மூன்று லேபிலும் வேலை ஒரே மாதிரிதான். வருகிறவரின் பெயரைக் கணினியில் பதிந்தால் அன்றைய வரிசை எண்ணோடு ஒரு சீட்டு வரும். அதே எண்ணோடு சின்னதாக ஒரு ஒட்டுச்சீட்டும் வரும். சீட்டு அவர் கைக்கு, ஒட்டுச்சீட்டு ரத்தம் பிடிக்கிற டியூபுக்கு. டியூபில் பெயர் இருக்காது, தேதியும் எண்ணும்தான். காலையில் ‘புதிய நாள்’ என்கிற பட்டனை அமுக்கினால் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். யாரோ எப்போதோ எழுதிக்கொடுத்த பழைய புரோகிராம் அது. வேலை செய்கிறவரை அதை யாரும் தொட விரும்பவில்லை.

திருவரங்குளம் லேபில் யாரோ பென்டிரைவில் சினிமா கொண்டுவந்து போட்டார்கள். அதோடு வைரஸும் வந்தது. இரண்டு நாள் கணினி படுத்துக்கொண்டது. “மாசாமாசம் ஒங்கள எதுக்கு வச்சிருக்கேன்?” என்று முதலாளி கேட்டுவிட்டார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. இனி ஒருவரும் எதிலும் கைவைக்கக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

விண்டோஸ் கணினிக்குள் ரெஜிஸ்ட்ரி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு புரோகிராமும் தான் நினைவில் வைக்க வேண்டியதை அதில்தான் குறித்துவைக்கும். அதில் எழுத யாருக்கு அனுமதி, படிக்க மட்டும் யாருக்கு அனுமதி என்று நாம் பிரித்துவைக்கலாம். கணினி தொடங்கும்போதெல்லாம் தானாக ஓடி, நான் நுழைகிற அட்மின் கணக்கைத் தவிர மற்றவர்களுக்கு எழுதும் அனுமதியைப் பறிக்கிற ஸ்கிரிப்ட், அதாவது ஒரு குட்டிப் புரோகிராம், எழுதினேன். எந்தெந்த இடத்தைப் பூட்டுவது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் செய்திருந்தால் இரண்டு நாள் ஆகியிருக்கும். நான் மேல் கிளையிலேயே பூட்டைப் போட்டுவிட்டேன். அதற்குக் கீழே இருந்ததெல்லாம் சேர்ந்து பூட்டிக்கொண்டது. அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. வீட்டில் உட்கார்ந்தபடியே மூன்று ஊருக்கும் அனுப்பிவிட்டு, மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் கறுப்புத் திரையைப் பார்த்துவிட்டு, சாப்பிட வரச் சொன்னாள்.

அட்மின் கணக்கின் கடவுச்சொல்லை ஒரு கவரில் போட்டு ஒட்டி மூன்று லேபிலும் கொடுத்தேன், முதலாளியிடமும் சொல்லிவைத்தேன். நான் போனில் சொன்னால்தான் பிரிக்க வேண்டும், மற்ற நேரமெல்லாம் சாதாரணக் கணக்கில்தான் உட்கார வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

கந்தர்வக்கோட்டையில் கணினியில் இருந்தவர் முப்பது வயதுப் பெண். கணவர் துபாயில். மாமியாரோடு பக்கத்து ஊரிலிருந்து வந்துபோவார். வேலைக்குப் போக மாமியாரைச் சம்மதிக்கவைக்கவே ஆறு மாதம் ஆயிற்றாம். “எங்க தெருவுலயே கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு நான் ஒருத்திதாண்ணே” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். சொல்லும்போது நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். நான் கொடுத்த கவரைச் சுவரில் இருந்த சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்தார்.

“நீங்க சொல்லாம தொட மாட்டேண்ணே” என்றார்.

ஆடி பிறந்தது. அம்மியே பறக்கிற காற்றில் மின்கம்பி எம்மாத்திரம்? கந்தர்வக்கோட்டையில் ஒரு நாளைக்கு நாலைந்து முறை கரண்ட் போனது. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே செத்துவிட்டிருந்தது. அந்தப் பெண் போன் செய்தார்.

“அண்ணே, கரண்ட் போயிட்டு வந்தா நம்பரு மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குதுண்ணே. காலையிலயே அந்த நம்பரெல்லாம் கொடுத்துட்டேன்.”

போனேன். அவரை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்து, என் கணக்கில் நுழைந்து இரண்டு சீட்டு போட்டேன். மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். மறுபடி என் கணக்கில் நுழைந்தேன். எண் விட்ட இடத்திலிருந்து ஒழுங்காகத் தொடர்ந்தது. இன்னொரு முறையும் செய்து காட்டினேன்.

“பாத்தீங்களா? நல்லாத்தான ஓடுது. நீங்க பதட்டத்துல புதிய நாள் பட்டனை அமுக்கிடுறீங்க.”

“இல்லண்ணே, நான் அங்கிட்டு மவுஸைக் கொண்டுபோறதே இல்லையே.”

“அப்ப கம்ப்யூட்டர் பொய் சொல்லுதாம்மா?”

அவர் அடுத்த வாரம் நான் போனபோது ஒரு பள்ளிக்கூட நோட்டை நீட்டினார். கரண்ட் போன நேரம், போகும்போது இருந்த எண், வந்த பிறகு வந்த எண் என்று கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். நான் அதை வாங்கி, பிரிக்காமலேயே மேசையில் வைத்தேன். புதுக்கோட்டையில் வேறு வேலை காத்திருந்தது, வெயில் வேறு. நோட்டைப் பிரித்துப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகியிருக்குமா? அன்றைக்கு அந்த இரண்டு நிமிடம் என்னிடம் இல்லாமல் போயிற்று.

அதற்குப் பிறகு அவர் என்னை அதிகம் கூப்பிடவில்லை. சீட்டிலும் ஒட்டுச்சீட்டிலும் எண்ணைப் பேனாவால் அடித்துத் திருத்திச் சமாளித்திருக்கிறார். ஆடி வெள்ளி ஒன்றில் கூட்டம் அதிகம். கரண்ட் போய் வந்தது. சீட்டைத் திருத்தியவர் ஒட்டுச்சீட்டு ஒன்றைத் திருத்தாமல் விட்டுவிட்டார். ஏழாம் எண்ணோடு இரண்டு டியூப் உள்ளே போயின. ஒரு ஆத்தாவுக்கு வேறொருவரின் ரிசல்ட் போயிற்று. சர்க்கரை அதிகம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பத்து நாளில் ஆத்தா குடிதண்ணீர்க் குழாயடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் ரத்தத்தை மறுபடி பார்த்தபோது அவருக்குச் சர்க்கரையே இல்லை என்று தெரிந்தது. நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். மகன் லேபுக்கு வந்து போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணை எதிரே நிற்கவைத்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, சிஸ்டத்துல கோளாறு உண்டா, இல்லையா?”

“சிஸ்டத்துல ஒண்ணும் இல்லைங்க. ரெண்டு தடவை நானே செக் பண்ணிட்டேன்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றும் சொன்னேன். முதலாளி சிரித்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். மறுநாளிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். போகும்போது சாமி படத்துக்குப் பின்னாலிருந்து கவரை எடுத்து, ஒட்டிய ஒட்டு பிரியாமல் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

அவர் இடத்துக்கு முதலாளியின் உறவுக்காரர் ஒருவர் வந்தார். கரண்ட் அப்போதும் போய்த்தான் வந்தது. எண் ஒரு நாளும் தவறவில்லை. ஆள் மாறியதும் கோளாறு நின்றுவிட்டதே, இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் திருவரங்குளத்துக் கணினியில் மறுபடி வைரஸ். இத்தனை பூட்டுப் போட்டும் எப்படி வந்தது என்று எரிச்சலோடு போய்ப் பார்த்தால், மானிட்டருக்குக் கீழே என் கடவுச்சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தார்கள். கவரை வாங்கிய அன்றைக்கே பிரித்துவிட்டார்களாம். குன்றாண்டார்கோவிலுக்குப் போன் செய்தேன். அங்கே இருந்தவர் ஓய்வுபெற்ற கம்பவுண்டர். “ஒங்க கணக்குலதான் எழுத்து பெருசாத் தெரியுது தம்பி, நான் எப்பவும் அதுலதான்” என்றார். கந்தர்வக்கோட்டை உறவுக்காரரும் முதல் நாளே முதலாளியிடம் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்கியிருந்தார். மூன்று பேரையும் தாளித்துவிட்டு, கடவுச்சொல்லை மாற்றி, எல்லோரையும் சாதாரணக் கணக்குக்குத் தள்ளினேன்.

மறுநாள் காலை திருவரங்குளத்திலிருந்து போன். “சார், கரண்ட் போயிட்டு வந்துச்சு. நம்பரு ஒண்ணுலேர்ந்து ஆரம்பிக்குது சார்.”

நான் அப்போது இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைத் தள்ளிவைத்தேன். போய்ப் பார்க்காமலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் போனேன். முதல்முறையாகச் சாதாரணக் கணக்கில் நுழைந்து, அவர்கள் உட்காருவது போல உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் புரோகிராம் கடைசியாகக் கொடுத்த எண்ணை ரெஜிஸ்ட்ரியில்தான் குறித்துவைக்கிறது. என் ஸ்கிரிப்ட் அந்த இடத்தையும் பூட்டியிருந்தது. எழுத முடியாவிட்டால் புரோகிராம் வாய் திறந்து சொல்லாது. கரண்ட் போகிறவரை எண் சரியாக ஓடும், போய் வந்தால், அன்றைக்கு எதுவும் குறிக்கப்படாததால், ஒன்றிலிருந்து தொடங்கும். என் கணக்குக்குப் பூட்டு இல்லை என்பதால் நான் பார்த்தபோதெல்லாம் நன்றாக ஓடியது. மற்றவர்களும் என் கணக்கிலேயே உட்கார்ந்திருந்ததால் அவர்களுக்கும் ஓடியது. என் பேச்சைக் கேட்டு நடந்தவர் மூன்று ஊரிலும் அந்தப் பெண் ஒருவர்தான். வேலை போனதும் அவருக்குத்தான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள், பாவம் முழுக்க என் விரல் நுனியில் இருந்தது.

ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. முதலாளியிடம் “சின்ன அப்டேட் ஒண்ணு” என்றேன். அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். தீபாவளி கழியட்டும் என்று விட்டேன். பொங்கல் கழிந்தது. லேப் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயமும் இருந்தது, அதை மறைப்பானேன். அதைவிட, அவர் முகத்துக்கு நேரே நின்று ‘நான்தான்’ என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஊரையெல்லாம் ஏசத் தெரிந்த வாய், அதற்கு மட்டும் திறக்கவில்லை.

வைகாசியில் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். ஜவுளிக்கடைச் சீருடைப் புடவை கட்டியிருந்தார். நான் ஒதுங்குவதற்குள் அவரே கிட்டே வந்தார்.

“அண்ணே, நல்லா இருக்கீங்களா? அந்த ஆத்தா எப்படி இருக்காங்கண்ணே?”

நன்றாக இருக்கிறார் என்றேன். “அப்பாடா” என்றார். “அதே நெனப்பாவே இருக்கும்ணே. என்னால ஒரு உசுரு போகப் பாத்துச்சே. எப்ப அந்தப் பட்டனை அமுக்குனேன்னு இன்னும் எனக்கு ஞாபகமே வரல. நீங்க சொன்னது சரிதான், பதட்டத்துல அமுக்கியிருப்பேன். கடையில பில் போடுற எடத்துக்குக் கூப்பிட்டாங்கண்ணே. கம்ப்யூட்டரு பக்கமே வேணாம்னு சொல்லிட்டேன். சேலை மடிக்கிறேன்.”

செய்யாத தப்பைத் தான் செய்ததாகவே அவர் நம்பிவிட்டார். என் பேச்சைத்தான் நம்பினார், அப்போதும் இப்போதும். பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பட்டனை அவர் அமுக்கவில்லை, பூட்டியது நான், நோட்டில் அவர் எழுதியிருந்தது அத்தனையும் சரி என்று சொன்னேன். முன்னும் பின்னுமாக, கோர்வையில்லாமல்தான் வந்தது. முதலாளியிடமும் நாளைக்கே சொல்கிறேன் என்றேன்.

அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டார்.

“இது ஒங்களுக்கு எப்பண்ணே தெரியும்?”

“ஐப்பசியில.”

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். கந்தர்வக்கோட்டை பஸ் வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்துக்கொண்டு ஏறியது. அவர் படிக்கட்டுப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தார்.

“இந்த ஏழு மாசத்துல எங்க ஊருப் பக்கம் ஒங்க வண்டி வரவே இல்லையாண்ணே?”

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அவர் ஊர் முக்கத்து டீக்கடையில் வண்டியை நிறுத்தி டீ குடித்துவிட்டுத்தான் லேபுக்குப் போவேன். அங்கிருந்து பார்த்தால் அவர் வீட்டு வாசல் தெரியும்.

“வந்துச்சும்மா, வாராவாரம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.