தோளில் சுமந்த பள்ளிக்கூடம்

நாடு விடுதலையாகி ஐந்தாறு வருடங்கள் ஆகியிருக்கும். திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர் போகும் சாலையோரம், கடலை ஒட்டியிருந்த ஒரு சின்ன மீனவர் குப்பத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். என் வீடு ராயபுரத்தில். காலையில் பஸ்ஸில் வந்து இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடப்பேன். பயிற்சி முடித்ததும் கிடைத்த முதல் வேலை. ஒரே கொட்டகை, ஒரே ஆசிரியை. எல்லா வகுப்புப் பிள்ளைகளும் என் முன்னால்தான். எனக்கு அது ஒரு ராஜாங்கம் மாதிரி இருந்தது.

பள்ளிக்கூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். பனங்கால் நட்டு, மேலே கீற்று வேய்ந்து, சுற்றிலும் இடுப்பளவுக்குத் தட்டி கட்டிய கொட்டகை. குப்பத்து ஜனங்களே கட்டியது. நான் வேலையில் சேர்ந்தபோது அதற்கும் கடலுக்கும் நடுவில் ஒரு வரிசைக் குடிசைகள் இருந்தன. அடுத்த மழைக்காலத்தில் அந்த வரிசையைக் கடல் கொண்டுபோய்விட்டது. துறைமுகத்துக்குச் சுவர் கட்டின நாளிலிருந்தே வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டு வருகிறது என்று அங்கே சொல்வார்கள். வீட்டை இழந்தவர்களில் சிலர் காசிமேட்டில் சொந்தக்காரர்களிடம் போனார்கள். சிலர் புதிதாக வந்த தொழிற்சாலைகளில் வேலை கேட்டு வாசலில் நின்றார்கள். மிச்சம் இருந்தவர்களும் இந்தக் குப்பத்துக்கு இனிமேல் என்ன இருக்கிறது என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மறுவருடம் மழைக்கு முன்னால் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல மனிதர்தான். கடலையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அடுத்த முறை தான் வரும்போது கட்டடம் நின்றால் பள்ளிக்கூடம் உண்டு, இல்லையென்றால் பிள்ளைகளைத் திருவொற்றியூர்ப் பள்ளியில் சேர்த்துவிட வேண்டியதுதான் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். லாரி ஓடும் சாலையில் அவ்வளவு தூரம் பெண் பிள்ளைகளை யாரும் அனுப்ப மாட்டார்கள். பையன்கள் நேரே கட்டுமரம் ஏறிவிடுவார்கள்.

கொட்டகையைப் பிரித்து வேறிடத்தில் கட்டலாமா என்று கேட்டுப் பார்த்தேன். உப்புக் காற்றில் கட்டுகளும் கீற்றும் இற்றுப்போயிருக்கின்றன, பிரித்தால் பாதிகூடத் தேறாது என்றார்கள். புதிதாகச் சாமான் வாங்க அந்த மழைக்காலத்தில் யாரிடமும் வசதியில்லை.

அப்போதுதான் ஒரு மாலுமி வந்தார்.

குப்பத்துக்கு வலை நூல் கொண்டுவந்து விற்கும் பாய் ஒருவர் இருந்தார். ஜப்பான்காரன் சண்டைக்கு முன்னால் பினாங்கில் கடை வைத்திருந்தவர், மலாய் பேசுவார். ஒரு நாள் தன்னோடு ஒல்லியான ஒரு ஆளைக் கூட்டி வந்தார். இந்தோனேசியாக்காரர், கப்பலில் வேலை. கடுமையான காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கப்பல் இவரை விட்டுவிட்டுப் போய்விட்டது. அடுத்த கப்பல் வரும்வரை பாய் தன் வீட்டில் தங்க வைத்திருந்தார். வீட்டில் சும்மா உட்கார முடியாமல், கடலைப் பார்க்க வேண்டும் என்று கூடவே வந்திருக்கிறார்.

வந்தவர் கட்டுமரங்களைத் தடவிப் பார்த்தார். கருவாடு காய்வதை முகர்ந்து பார்த்துச் சிரித்தார். பிறகு என் கொட்டகைக்கு வந்து, அலை வந்து நிற்கும் இடத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. மணலில் உட்கார்ந்து ஒரு குச்சியால் படம் போட ஆரம்பித்தார். தென்னை மரங்கள், உயரமான கால்களின் மேல் நிற்கும் மரவீடுகள், வீட்டுக்கு அடியில் வரிசையாக மனிதர்கள். பாய் குனிந்து கேட்டு எங்களுக்குச் சொன்னார்.

"டீச்சரம்மா, இவரு ஊரும் நம்ம குப்பம் மாரியேதான் கீதாம். கடலு வந்து மண்ணத் தின்னா வூட்டப் பிரிக்க மாட்டாங்களாம். ஊரே கூடி அப்படியே தூக்கிகினு போயி மேட்டுல வச்சுடுவாங்களாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ராயபுரம் வரை கூடை சுமந்து மீன் விற்கும் ஒரு அக்கா, "இன்னா பாய், வூடு இன்னா மீன் கூடையா?" என்று கேட்டதில் சிரிப்பு இன்னும் பெரிதாகிவிட்டது. மாலுமிக்கு அர்த்தம் புரியவில்லை என்றாலும் அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்கைந்து நாட்களில் கடல் பொங்கியது. அலை முன்பக்கத்துக் கால்களைத் தொட்டுவிட்டுப் போனது. நான் பாயைப் பிடித்து, அந்த மனிதரை மறுபடி அழைத்து வரச் சொன்னேன். குப்பத்து ஆட்களையும் கொட்டகைக்கு முன்னால் கூட்டினேன். தூக்கிப் பார்க்கலாம், விழுந்தால் விழட்டும், எப்படியும் கடலுக்குத்தானே போகப் போகிறது என்று சொன்னேன். ஊர்த் தலைவர் தயங்கினார். அவர் வீடும் போன வருடம் கடலோடு போயிருந்தது. ஆட்கள் சோர்ந்திருக்கிறார்கள், பிள்ளைகள் கடைசியில் கடலுக்குத்தானே போகப்போகின்றன, இதற்காக யாராவது அடிபட வேண்டுமா என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அன்று கேலி செய்த அந்த அக்காதான் கூடையைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தார்.

"எம் பொண்ணு அவ பேர எழுதுறா, தலைவரே. எங்க வூட்ல அத எழுதுன மொத ஆளு அவதான். கட்டுமரத்தத் தெனைக்கும் தூக்குறீங்க. இத்த ஒரு நாளு தூக்க மாட்டீங்களா? நீங்க வராட்டி பொம்பளைங்க நாங்க தூக்குறோம்."

தலைவர் ஒருமுறை கொட்டகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாய்மர மூங்கில்களை எடுத்து வரும்படி ஆட்களை அனுப்பினார்.

மறுநாள் விடிந்ததும் வேலை ஆரம்பித்தது. தட்டிகளைக் கழற்றிக் கரும்பலகையை இறக்கினோம். மாலுமி சொன்னபடி முதலில் மூலைக்கு மூலை குறுக்கே மூங்கில் கட்டினார்கள். அப்போதுதான் கொட்டகை கோணாதாம். பிறகு இடுப்பு உயரத்தில் நீளவாட்டிலும் அகலவாட்டிலும் கட்டினார்கள். கயிறு கட்டுவதில் அவருக்கும் எங்கள் ஆட்களுக்கும் பெரிய வாக்குவாதம். அவர் ஒரு முடிச்சுப் போட, இவர்கள் அவிழ்த்து வேறு முடிச்சுப் போட, நடுவில் பாய் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துக் களைத்துப்போனார். கடைசியில் கட்டுமர முடிச்சுத்தான் ஜெயித்தது. அதை இழுத்துப் பார்த்துவிட்டு அவரும் தலையாட்டினார். அதன்பின் கால்களைச் சுற்றி மணலைத் தோண்டினார்கள்.

ஆண், பெண் எல்லாரும் மூங்கிலுக்கு அடியில் தோள் கொடுத்தோம். நானும் புடவையைச் செருகிக்கொண்டு அந்த அக்கா பக்கத்தில் நின்றேன். தலைவர் குரல் கொடுத்தார், எல்லாரும் ஏலேலோ சொன்னோம். முதல் தடவை அசையவில்லை. இரண்டாவது தடவை என் தோளில் பாரம் ஏறியது. நிமிர்ந்து பார்த்தால், பனங்கால்கள் மணலை விட்டு மேலே வந்து தொங்கிக்கொண்டிருக்கின்றன. நான் பாடம் நடத்திய கூரை என் தலைக்கு மேலேயே நகர்ந்தது. அந்த நிமிடத்தை என்னால் வார்த்தையில் சொல்ல முடியாது.

சாலையோரத்து மேட்டை நோக்கிப் பாதி தூரம் போயிருப்போம். மேடேறும் இடத்தில் ஒரு மூங்கில் சடாரென்று முறிந்தது. கொட்டகை எங்கள் பக்கம் சாய்ந்தது. யாராவது பயந்து விலகியிருந்தால் மொத்தமும் எங்கள் மேல் விழுந்திருக்கும். மாலுமி "தாஹான்" என்று கத்தினார். அந்தச் சொல் எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் ஒருவர்கூட நகரவில்லை. எலும்பும் தோலுமாக இருந்த அந்த மனிதர் ஓடி வந்து, சாய்ந்த பக்கத்து மூங்கிலுக்கு அடியில் முதுகைக் கொடுத்தார். அதைப் பார்த்து நாலு பேர் அவர் பக்கத்தில் பாய்ந்தார்கள். வேறு மூங்கில் வந்து கட்டும்வரை எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "பிடித்துக்கொள், தாங்கு" என்று அர்த்தமாம், பாய் பிற்பாடு சொன்னார்.

மேட்டில் கொண்டுபோய்க் குழி பறித்துக் கால்களை இறக்கியபோது வெயில் ஏறியிருந்தது. ஒருத்தருக்கும் அடியில்லை, தோளில் தோல் வழன்றதோடு சரி. தலைவர் மாலுமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அன்று மத்தியானமே அதே கூரைக்குக் கீழே வகுப்பு நடத்தினேன்.

அடுத்த வாரம் கொட்டகை இருந்த பழைய இடம் கடலுக்குள் போயிருந்தது. மழை விட்டதும் வந்த இன்ஸ்பெக்டர் கரையில் கொட்டகையைத் தேடிவிட்டு, மேட்டைப் பார்த்துத் திகைத்தார். யார் கட்டியது என்று கேட்டார். யாரும் கட்டவில்லை ஐயா, தூக்கி வந்தோம் என்றேன். அவர் நம்பினாரோ இல்லையோ, பள்ளிக்கூடம் நிற்கிறது என்று எழுதிவிட்டுப் போனார்.

கப்பல் கிடைத்ததும் மாலுமி சொல்லிக்கொள்ள வந்தார். பிள்ளைகள் உரக்கப் பாடம் ஒப்பிப்பதை வெகுநேரம் கேட்டபடி நின்றார். பிறகு பாயிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். பாய் என் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"அவரு ஊர்ல வூடு தூக்க ஆளு கீதாம், டீச்சரம்மா. பள்ளிக்கூடந்தான் இல்லியாம். இவரு பொண்ணுக்குப் படிக்குற வயசாம். போனதும் மொதல்ல அத்தத்தான் கட்டப் போறாராம்."

கட்டினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் ஊரின் பெயரைக்கூட எனக்குச் சரியாகச் சொல்ல வராது. ஆனால் கட்டியிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எங்கள் மேட்டில் சில வருடங்களில் செங்கல் கட்டடம் வந்தது. அந்த அக்காவின் மகள் அங்கே படித்து, நர்ஸாகி, ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். இப்போது யாராவது ஒரு சின்ன ஊரைக் காட்டி இதற்கு என்ன எதிர்காலம் இருக்கிறது என்று கேட்டால், இங்கே தோள் கொடுக்க எத்தனை பேர் வருவார்கள் என்றுதான் நான் திருப்பிக் கேட்கிறேன்.