நார்த்தம் ரோட்டு மோட்டாருக்கு வைத்த பொட்டு

போன மாதம் லண்டனில் இருக்கும் மகன் என்னை ரயிலேற்றி ஒரு மோட்டார் மியூசியத்துக்கு அழைத்துப் போனான். எனக்கு இது பதினோராவதோ பன்னிரண்டாவதோ. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் காசிக்குப் போகிறார்கள், வேளாங்கண்ணிக்குப் போகிறார்கள். நான் பழைய மோட்டார்கள் எங்கே நிற்கின்றன என்று விசாரித்துக்கொண்டு போகிறேன். என் மனைவி இருந்தவரை, "ஊர் ஊரா போயி இரும்பப் பாக்குறதுக்கு, நம்ம பழைய இரும்புக் கடைக்கே போலாம்லா, டிக்கெட்டாவது மிச்சம்" என்பாள்.

இந்த மியூசியங்களில் எனக்கு ஒரே குறை. எல்லாம் பளபளவென்று இருக்கும், வாசனை மட்டும் இருக்காது. தீப்பிடிக்கும் என்று பெட்ரோலை வடித்துவிடுகிறார்கள். ஆனால் அன்றைக்கு ஒரு மூலையில் வயதான பணியாளர் ஒருவர் மெழுகு பாலிஷ் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டே போனேன். அது என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது, பாலேட்டு நிறத்தில் ஒரு பெரிய திறந்த மோட்டாருக்கு முன்னால். முன்பக்கம் இரண்டு விளக்குகள், ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் அளவு. அதே வண்டி. அதாவது, அதே மாடல், அதே நிறம்.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. பினாங்குத் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் ஆபீசில் சின்னக் கிராணி. குமாஸ்தாவுக்கு அன்று எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சீமையிலிருந்து மோட்டார்கள் பெரிய மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். எந்தப் பெட்டி யார் வீட்டுக்குப் போகிறது என்று எழுதுவது என் வேலை. அதை எழுதும்போதே, ஞாயிற்றுக்கிழமை எந்த வீட்டுக்குச் சைக்கிளை விடுவது என்று மனசுக்குள் இன்னொரு பட்டியல் ஓடும். ஊரில் மியூசியம் ஏது? பணக்காரர் வீட்டு மோட்டார் ஷெட்டுகள்தான் எனக்கு மியூசியம். நுழைவுச் சீட்டு, டிரைவருக்கு ஒரு பொட்டலம் வெற்றிலை பாக்கு.

பர்மா ரோட்டில் ஒரு கத்தோலிக்க வாத்தியார் இருந்தார். அவரிடம் பக்கப்பெட்டி வைத்த மோட்டார் சைக்கிள். காலைப் பூசைக்கு மனைவியை அந்தப் பெட்டியில் உட்காரவைத்துக் கிளம்புவார். அந்த அம்மாள் வெயிலுக்குக் குடை பிடிப்பார்கள், காற்று குடையைப் பின்னால் இழுக்கும், வாத்தியார் வண்டியை விட்டுவிட்டுக் குடையைப் பிடிப்பார். அவர்கள் கோயிலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததே கர்த்தர் கிருபைதான். அவர்கள் உள்ளே ஜெபிக்கும்போது நான் வெளியே அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவேன். என் பக்தி அப்படி.

ஆனால் எனக்கு மூலஸ்தானம் என்றால் நார்த்தம் ரோடுதான். கடலைப் பார்த்து வரிசையாகச் சீனத் தவுக்கேமார்களின், அதாவது பணக்கார முதலாளிகளின், மாளிகைகள். அதில் ஒரு வீட்டின் டிரைவர் வேலாயுதம் அண்ணன். குதிரைவண்டி போய் மோட்டார் வந்த பிறகும் டிரைவரை 'சைஸ்' என்றே கூப்பிட்ட காலம் அது. அப்படிக் கூப்பிட்டால் அவருக்குக் கோபம் வரும். "குதிரைக்குப் புல்லு போடறவனா நான்? டிரைவர்னு சொல்லு தம்பி" என்பார். ஷெட்டுக்குப் பின்னால் ஒரே ஓர் அறை. அதில் அவரும், மனைவி காமாட்சி அக்காவும், இரண்டு பெண் குழந்தைகளும். வேலையோடு சேர்ந்த வீடு அது. வேலை போனால் கூரையும் போகும். வெளியாட்களை ஷெட்டுக்குள் விடக்கூடாது என்பது தவுக்கேயின் கண்டிப்பு. இருந்தாலும் என்னை விடுவார். வண்டியை அவர் துடைக்கும் அழகை நின்று ரசிக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது போலும்.

அந்த வருஷம் ஆயுத பூஜை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தவுக்கேவுக்கு அந்தப் பூஜை பிடிக்கும். வண்டிக்கு நல்லது என்று ஒவ்வொரு வருஷமும் அவரே தேங்காய்க்குக் காசு கொடுப்பார். நான் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு, குங்குமத்தைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். வாசல் வழியாகத்தான் நுழைந்தேன். தோட்டத்தைத் தாண்டித்தான் ஷெட்டுக்குப் போனேன். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் வண்டியைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

அப்பா, என்ன அழகு! பாலேட்டு நிறத்தின் மேல் சந்தனம், விபூதி, விளக்குகளுக்கு மல்லிகைச் சரம். நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். அண்ணன் தேங்காயும் கற்பூரமும் எடுக்க அறைக்குள் போயிருந்தார். சந்தனத்தின் மேல் குங்குமம் இல்லையே, அவசரத்தில் மறந்துவிட்டார் பாவம் என்று நினைத்தேன். நாம் ஏதோ பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு. காகிதத்தைப் பிரித்து, விளக்குக்கு ஒன்று, ரேடியேட்டருக்கு நடுவில் ரூபாய்க் காசு அகலத்துக்கு ஒன்று என்று மூன்று பொட்டுகளை அழுத்தி வைத்தேன். தள்ளி நின்று ரசிக்கவும் செய்தேன்.

தட்டோடு வெளியே வந்த அண்ணன் அதைப் பார்த்ததும் கற்பூரத்தைக் கீழே தவறவிட்டார். "ஐயோ தம்பி! என்ன காரியம் செஞ்சிட்டே? பெரியம்மா செத்து இன்னும் ஒரு மாசம் ஆகல. இந்த வீட்ல செவப்பே ஆகாது!"

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். வாசலில் எப்போதும் தொங்கும் சிவப்பு விளக்குகள் இல்லை. வெள்ளை விளக்குகள் தொங்கின. கதவின் மேலிருந்த சிவப்புப் பலகையை வெள்ளைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்கள். வீட்டுப் பெரியம்மாவான தவுக்கேயின் தாயார் இறந்திருந்தார். சாவு வீட்டில் சீனர்கள் சிவப்பை அண்டவிடமாட்டார்கள் என்பது பினாங்கில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். நான்தான் வீட்டைப் பார்க்கவே இல்லையே!

ஈரத் துணியால் துடைத்தோம். குங்குமம் சந்தனத்தோடு கரைந்து, அந்த வெளிர் பெயிண்டின் மேல் சிவப்பாக வழிந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. தாயாரின் சமாதிக்குப் போவதற்காகக் கறுப்பு உடையில் தவுக்கே படியிறங்கி வந்தார். வண்டியைப் பார்த்தார். கத்தவில்லை. முகம் மட்டும் சுருங்கிவிட்டது. "சியாப்பா புவாட்?" என்று மலாயில் கேட்டார். யார் செய்தது?

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "சாயா பூஞா சாலா, தவுக்கே" என்றார். என் தப்பு.

நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். விரல் நுனி சிவந்திருந்தது. கையை மெதுவாகக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். வெளியாளை உள்ளே விட்டது தெரிந்தால் அவருக்கு இன்னும் பெரிய குற்றம் ஆகும், அதனால்தான் பேசவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். பயந்தேன், அவ்வளவுதான். நான் செய்தேன் என்று இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த மனிதர் என்னைத் திட்டி விரட்டியிருப்பார், கதை அதோடு முடிந்திருக்கலாம்.

அந்த வாரமே அண்ணனின் வேலை போனது, அவர்கள் சாமானைக் கட்டினார்கள். சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டப் போவதாகக் காமாட்சி அக்கா சொன்னாள். என்னைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை இல்லை. "ஒருநாள் வாங்க தம்பி, அங்க லாரிதான் இருக்கும், பரவால்லியா?" என்று சிரித்தாள்.

போனேன். அதாவது, பாதி வழி போனேன். ஒரு ஞாயிறு படகேறி அக்கரையிலுள்ள பிறைத் துறையில் இறங்கினேன். தவுக்கேயிடம் நானே போய் உண்மையைச் சொல்கிறேன், முதலில் அண்ணனிடம் கேட்டுக்கொள்வோம் என்று திட்டம். துறையடியில் வெள்ளைக்காரர் ஒருவர் புது மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். சும்மா ஒரு நிமிஷம் பார்க்கலாம் என்று நின்றேன். பொழுது சாய்ந்தபோது அவருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படகில் திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் போகலாம் என்றுதான் நினைத்தேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. பிற்பாடு விசாரித்தபோது அவர்கள் அந்தத் தோட்டத்தில் இல்லை. எங்கே போனார்கள் என்று சொல்லவும் அங்கே ஆள் இல்லை.

நார்த்தம் ரோட்டு வீட்டை எப்போதோ இடித்துவிட்டார்கள். ஷெட் இருந்த இடத்தில் இப்போது கார் நிறுத்த வெள்ளைக் கோடு போட்டிருக்கிறது.

மியூசியத்தில் அந்த வண்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை. எத்தனை குதிரைசக்தி, யார் செய்தது, எந்தப் பிரபு வைத்திருந்தார் என்று எல்லாம் எழுதியிருந்தது. யார் ஓட்டினார், யார் துடைத்தார் என்று இல்லை. இத்தனை மியூசியம் பார்த்தும் அது இல்லை என்று அன்றுதான் கவனித்தேன். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றபடி ரேடியேட்டரின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்தது. பாலிஷ் போட்டுக்கொண்டிருந்த கிழவர் துணியோடு நிமிர்ந்து, இந்த வண்டி உங்களுக்குத் தெரியுமா என்று இங்கிலீஷில் அன்பாகக் கேட்டார்.

"நான்தான் வச்சேன்" என்றேன் தமிழில்.

அவர் புரியாமல் மகனைப் பார்த்தார். மகன் என்னைப் பார்த்தான். அதைக் கேட்க வேண்டியவர் அங்கே இல்லை.