மூன்று கோபுரமும் நாற்பத்தொன்றும்

மாரிகுப்பத்துக்கு ரயில் வந்த புதிதில் நான் தங்கச் சுரங்க அதிகாரி ஒருவரின் பங்களாவில் ஆயாவாக இருந்தேன். துரைசானி டென்மார்க் தேசத்துக்காரி. தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளி ஸ்பூன்களை என்னைத் தவிர யாரையும் துலக்க விடமாட்டாள். துலக்கித் துலக்கி, காம்பின் பின்புறத்து முத்திரைகள் எனக்கு மனப்பாடமாகிவிட்டன. மூன்று கோபுரம் இருந்தால் கோபன்ஹேகன் நகரத்து வெள்ளி. கோபுரத்தின் அடியில் உள்ள இரண்டு எண்கள் வருஷம். பக்கத்தில் நண்டோ தராசோ மீனோ இருக்கும், அது மாசம். இதையெல்லாம் துரைசானியே பெருமையடித்துக்கொண்டு சொன்னதுதான். அவளுடைய ஸ்பூன்கள் எல்லாமே ஐம்பத்தெட்டு. காம்பு நுனியில் சிப்பி வேலைப்பாடு.

என் தகரப்பெட்டியிலும் அதே சிப்பி போட்ட ஸ்பூன் ஒன்று இருந்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில், என் அம்மாவின் ஞானஸ்நானத்துக்கு, அம்மா வீட்டார் வேலை செய்த டேனிஷ் வீட்டு எஜமானி கொடுத்தது. அதில் கோபுரத்தின் கீழே நாற்பத்தொன்று. அம்மா எனக்கென்று விட்டுப்போனது அது ஒன்றுதான். துரைசானியிடம் நான் அதைப்பற்றி மூச்சுவிட்டதில்லை. ஆயாவிடம் வெள்ளியா என்று கேட்பாள். அந்தப் பார்வையை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

ஒரு விருந்து முடிந்தபின் பங்களாவில் ஒரு ஸ்பூன் குறைந்தது. வேலைக்காரர்களின் வீடுகளைச் சோதிக்கப் போவதாகச் சொன்னார்கள். சமையல்காரரும் தோட்டக்காரரும் தங்கள் மூட்டைகளைத் தாங்களே அவிழ்த்து அவிழ்த்துப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கொஞ்சமும் பயமில்லை. காலையில் ஷிஃப்ட் முடிந்து வந்த கணவரிடம், “சோதன போட வராங்களாம். பயப்படாதீங்க, நம்ம ஸ்பூன்ல முத்திரை இருக்குது,” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

அவர் சுரங்கத்தில் கூலி. ஷாஃப்டிலிருந்து மேலே வரும்போதெல்லாம், தங்கம் ஒளித்திருக்கிறாரா என்று வாயைத் திறக்கச் சொல்லி, குடுமியை அவிழ்க்கச் சொல்லி, துணியை உதறச் சொல்லிப் பார்ப்பார்கள். முத்திரை குத்திய உளியோ வாளியோ கூலிக்காரன் வீட்டில் அகப்பட்டால் அது கம்பெனிச் சொத்து, ஆள் திருடன். அதற்கு மேல் பேச்சே கிடையாது. இத்தனை வருஷத்தில் முத்திரையைப் பற்றி அவர் கற்றது அவ்வளவுதான்.

மதியம் துரைசானியையும் காவல்காரனையும் நானே அழைத்துக்கொண்டு வந்தேன். பெட்டியைத் திறக்கப் போவதற்குள் அவர் ஸ்பூனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு தட்டி வீட்டுக்குள்ளிருந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“பாருங்கம்மா, எங்க மாமியார் வூட்டு சாமான் இது. ஒரு முத்திரையும் கெடையாது.”

துரைசானி திருப்பிப் பார்த்தாள். அரத்தால் ராவிய இடம் பளபளத்தது. கோபுரமும் இல்லை, எண்ணும் இல்லை. எனக்குத் தெரிந்த ஆயா இங்கிலீஷில், இதில் நாற்பத்தொன்று இருந்தது, உங்களுடையது ஐம்பத்தெட்டு என்று கெஞ்சினேன். அவள் அந்த வழவழப்பைக் கட்டைவிரலால் தடவினாள். இருந்ததை எதற்காக அழித்தீர்கள் என்று இங்கிலீஷிலேயே கேட்டாள். ஸ்பூனைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் உளி தீட்டும் பட்டறையில் அரத்தை இரவல் வாங்கி, ஷிஃப்ட் முடிந்த களைப்போடு, தூங்காமல் உட்கார்ந்து ராவியிருக்கிறார். விரலெல்லாம் வெள்ளித்தூள்.

“இன்னாம்மே இது, முத்திரை இல்லாததையே புடுங்கிக்கினு போறாங்க,” என்றார். “அது இருந்திருந்தா நம்மள ஜெயில்லயே போட்டிருப்பாங்க இல்ல?”

“ஆமாங்க,” என்றேன்.