பலாமரத்துக்கு ராஜையன் பார்த்த வைத்தியம்

தென்னைக்கு என்ன நோய் என்றாலும் வேலிக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார் தக்கலைப் பக்கத்து ராஜையன். அது பெரும்பாலும் சரியாகவும் இருந்து தொலைக்கும். அதனால் உலகத்தில் மற்ற எல்லாமும் தமக்குத் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு. வீட்டுக்காரி செல்லபாய்க்கு வந்த தொந்தரவெல்லாம் அந்த நினைப்பால் வந்ததுதான்.

முற்றத்துப் பலாமரம் அவருக்கு உயிர். மத்தியானக் கஞ்சி குடித்துவிட்டு அதன் நிழலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுச் சாய்ந்தாரென்றால், நாடு தமிழோடு சேருமா, மலையாளத்தோடு கிடக்குமா என்று ஊரே தொண்டை கிழியக் கத்தினாலும் கண் திறக்க மாட்டார். ஐம்பத்து நான்காம் வருஷக் கோடையில் அந்த மரத்தில் நாலு இலை பழுத்தது.

தென்னை வாடிச் சடைத்தால் மூட்டில், அடிமரத்தைச் சுற்றி, உப்புப் போடுவது அந்தப் பக்கத்து வழக்கம். ராஜையன் பலாவுக்கும் போட்டார். இலையோரம் கருகியது. மருந்து போதவில்லை என்று முடிவு செய்து இன்னும் போட்டார். கிளை மொட்டையானது. பயந்துபோய், அடுக்களையில் பரணிச் சாடியில் இருந்த உப்பையும் அள்ளிக்கொண்டு வந்து தட்டினார்.

"ஆவணிக்குள்ள துளிர்க்கலேன்னா தச்சுவேல கோலப்பன் ஆசாரியக் கூப்பிட்டு அறுத்துக் கதவு போட்டுருவேன். அடுக்களைக்குக் கதவு இல்லாம நாய் உள்ள கேறுது" என்றாள் செல்லபாய்.

ராஜையனுக்கு அன்று கஞ்சி இறங்கவில்லை.

பசு மட்டும் அவிழ்த்துவிட்டால் நேரே பலா மூட்டுக்குப் போய் மண்ணை நக்கியது. "பாத்தியா ஏட்டி, வாயில்லா சீவனுக்கு உள்ள எரக்கம்" என்றார் ராஜையன், கண் கலங்க.

செல்லபாய் குனிந்து, மண்ணில் ஒரு துளி எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினாள். "பரணியில இல்லாத உப்பு முழுக்க இங்கல்லா கெடக்கு."

"தெங்குக்கு ஆவும். பிலாவுக்கு மட்டும் ஆவாதா?"

"உங்களுக்கு மீன்கறி பிடிக்கும்னு பசுவுக்கும் ஊத்துவியளா?"

ராஜையனை வெட்கம் பிடுங்கித் தின்றது. மேல்மண்ணை வெட்டித் தூரக் கொட்டினார். பிறகு கிணற்றிலிருந்து குடம் குடமாக நல்ல தண்ணீர் சுமந்து ஊற்றி உப்பைக் கழுவவேண்டியிருந்தது. அவர் ஏமாற்றாமல் ஊற்றுகிறாரா என்று பார்க்கவேண்டாமா? செல்லபாய் அந்தக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தாள். இரண்டொரு நாளில் சாய்ந்தாள். வெயில் நேரத்தில் தலைக்கு மேல் ஒரு பழைய சேலையையும் கட்டிக்கொண்டாள்.

ஆவணி பிறக்குமுன் நுனிக்கிளையில் துளிர் விட்டது. ராஜையன் மரத்தைக் கட்டிப்பிடித்து அழாத குறை. ஆசாரி வரவில்லை; அடுக்களைக்கு ஓலைத்தட்டியே கதவானது. கார்த்திகைக்குள் நிழலும் ஒருவிதமாய்த் திரும்பிவிட்டது.

ஒரு மத்தியானம் தலையணையை இடுக்கிக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றார்.

"மூட்டுல இன்னும் கரிப்பு இருக்கும். ரெண்டு குடம் ஊத்திட்டு வாருங்க" என்றாள் செல்லபாய், கண்ணைத் திறக்காமல்.

அன்று காலையில்தான் அவர் யாரும் பார்க்காமல் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்திருந்தார். ஒரு கரிப்பும் இல்லை. அதைச் சொன்னால், மரத்து வைத்தியம் உங்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பாள். ராஜையன் தலையணையை அவள் கால்மாட்டில் வைத்துவிட்டுக் குடத்தை எடுத்தார்.