பலூனில் கற்ற சவரம்

ஊதிய பலூன் மேல் நுரை தடவி ரேசரை மெல்ல இழுத்துக்கொண்டிருந்தாள் பூதக்கண்ணாடி. எதையும் சந்தேகமாகவே பார்ப்பவள் என்பதால் மாணவிகள் வைத்த பெயர் அது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் பெண்களை மட்டும் சேர்க்கும் பயிற்சிப் பள்ளி எங்களுடையது. நானும் அவளும் அங்கேயே படித்து, அங்கேயே ஆசிரியைகளானோம். நோயாளியைத் தூக்கிப் புரட்டுவது என் பாடம். குளிப்பாட்டல், சவரம் அவளுடையவை.

"பலூன் வெடிக்கலைன்னா பாஸ்," என்பாள்.

சந்துக்கு அந்தப் பக்கம் இதே வேலையைக் கற்பிக்கும் ஆண்கள் பள்ளி. அங்கே போகும் மாணவியின் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட வேண்டும் என்ற விதி அவள் எழுதியது. "பொண்ணுங்க தனியா இருந்தாத்தான் வாய் திறந்து கேப்பாங்க அக்கா." பொய்யில்லை. ஆண்களும் இருந்த வகுப்பொன்றை ஒருமுறை நடத்தினேன். தூக்கும் வேலை வந்ததும் பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

அந்த வாரம் நெட்டை என்கிற மாணவி மூன்று நாளாகச் சாப்பாட்டு நேரத்தில் காணாமல் போனாள்.

"இவ மேல ஆம்பளைங்க சோப்பு வாசனை அடிக்குதுக்கா."

"உனக்கெப்படித் தெரியும்?"

முறைத்தாள். எனக்கும் சந்தேகம்தான், மறைப்பானேன். நான்காம் நாள் இருவரும் பின்னாலேயே போனோம்.

ஆண்கள் பள்ளி வகுப்பறையில் ஒரு தடியன் முகமெல்லாம் நுரையோடு உட்கார்ந்திருந்தான். நெட்டை கையில் ரேசர். "அசையாதே. அசைஞ்சா மூக்கு போயிடும்." மூலையில் இன்னொருவன் தரை துடைக்கும் மாப்பின் நூலை மூன்றாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தான். பெண் நோயாளிகளுக்குச் சடை பின்னும் பாடம் அவர்களுக்கு அதில்தான்.

"என்னடி இது?" என்றாள் பூதக்கண்ணாடி.

நெட்டை ரேசரைக் கீழே வைத்தாள். "போன மாசம் பயிற்சிக்குப் போன வீட்ல ஒரு பெரியவருக்கு மோவாயில வெட்டிட்டேன் மிஸ். பலூன்ல குழியும் இல்ல, முடியும் இல்ல. இவங்களுக்குச் சடை பின்னச் சொல்லித் தரேன், இவங்க முகத்தைக் குடுக்கறாங்க."

திரும்பி வந்ததும் பூதக்கண்ணாடி பதிவேட்டைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். அந்தப் பெயரை அடித்துவிட்டால் நெட்டைக்குச் சான்றிதழ் கிடையாது, வேலையும் கிடையாது.

"விதின்னா விதிதான்."

"அடி. அடிச்சுட்டு அந்தப் பெரியவருக்கு நீயே போய்ச் சவரம் பண்ணு," என்றேன்.

"நான் எங்க பண்ணேன், இதுவரைக்கும் ஒருத்தருக்கும்..." வாயை மூடிக்கொண்டாள்.

இருபத்திரண்டு வருடமாகப் பலூனிலேயே சவரம் கற்பித்தவள். பேனாவுக்கு மூடி போட அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. பிறகு, நாளைக்கு யாரும் சவரம் செய்துகொள்ளக் கூடாது என்று ஆண்கள் பள்ளிக்குச் சீட்டெழுதி அனுப்பினாள்.

மறுநாள் காலை ஆறு பையன்கள் சொரசொரத்த முகத்தோடு எங்கள் வகுப்பில் உட்கார்ந்தார்கள். கதவை விரியத் திறந்து, யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று கவனிக்க என்னை வாசலில் உட்காரவைத்தாள். முதல் மோவாயை அவளே எடுத்துக்கொண்டாள். பலூனில் வைப்பதுபோலவே ரேசரை வைத்தாள்.

"தோலை இழுத்துப் பிடிங்க மிஸ்," என்றாள் நெட்டை.

பிடித்தாள்.