மூங்கில் கழி

சித்தி மகள் மல்லிகா ஓட்டிய கார் சுங்கச்சாவடியில் நின்றது. தடுப்புக் கம்பி உயரத் தொடங்கியதும் பின் இருக்கையில் அம்மா முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

எழுபதுகளின் கடைசியில் முத்தாண்டிக்குப்பம் பக்கத்து ஓடைமேல் ஒரு பணக்காரர் மரப்பாலம் போட்டு, வண்டிக்குக் காசு வாங்கினார். பாதையை மறித்தது ஒரு மூங்கில் கழி. அதன் ஒரு முனையில் பாரக்கல் தொங்கும்; மறுமுனையைக் கயிறு கீழே இழுத்துப் பிடித்திருக்கும். ஒரு நாள் பிரசவ வலியில் துடித்த சித்தியை மாட்டுவண்டியில் நெய்வேலி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

"காச வச்சிட்டுப் போங்க," என்றான் காவலன், கழிமேல் கவிழ்ந்து சாய்ந்தபடி.

"திரும்பி வரச்சொல்ல தர்றேன். உயிரு போவுதுப்பா," என்றாள் அம்மா.

"எல்லாரும் இதத்தான் சொல்லிகினு போறாங்கக்கா."

அம்மா வண்டியிலிருந்த அரிவாளை எடுத்துக் கயிற்றை வெட்டினாள். கல் இறங்க, கழி எகிறி அவன் தாடையைப் பிளந்தது. ரத்தத்தோடு பற்கள் மணலில் விழுந்தன. வண்டி பாலத்தைக் கடந்தது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவின் வலது கையை காவலனின் ஆட்கள் அதே கழியால் முறித்தார்கள். அந்தக் கை பிறகு மடங்கவே இல்லை.

"என்ன பெரியம்மா, பயமா?" என்றாள், அன்று பிறந்த மல்லிகா.

"கம்பி முழுசா ஏறட்டும். அப்புறம் போடி."