தையல் பிரிகிற சத்தம்

"தைச்ச சட்டை அத்தனையும் திரும்பி வந்துடுச்சு," என்று மூட்டையைத் தையல் மிஷின் மேல் போட்டாள் அத்தை. ஜூடோ சங்கத்துக்காக அவள் தைத்துக் கொடுத்த வெள்ளைச் சட்டைகள் அவை. ஒவ்வொன்றிலும் கழுத்துப்பட்டை பிய்ந்து தொங்கியது.

"பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிற கையால சண்டைக்காரங்களுக்குத் தைச்சா இப்படித்தான்," என்றார் அப்பா. தங்கையைச் சீண்டுவதென்றால் அவருக்குச் சாப்பாடே வேண்டாம்.

"அண்ணா, வாய மூடிக்கிட்டு டீயக் குடி. ஏய், நீ வா. இந்தத் தாள்ல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லு."

அது சங்கத்தின் ஆங்கிலத் தாள். நான் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஜப்பானில் ஒல்லியான பையன் ஒருவன் பள்ளியில் ஓயாமல் அடி வாங்கினான். அதனாலேயே பழைய மல்லுக்கட்டு வித்தைகளைத் தேடிப் போய்க் கற்றான். பிறகு அவனே ஆசிரியரானான். ஆளை முடமாக்கும் பிடிகளைப் பயிற்சியிலிருந்து ஒதுக்கி, மற்றதைச் செப்பனிட்டு, 1882இல் ஒரு பௌத்தக் கோயிலின் சின்ன அறையில் சொல்லித்தர ஆரம்பித்தான். அந்த வித்தைதான் ஜூடோ. ஜூடோ என்றால் மென்மையின் வழி.

"மென்மையாம்," என்று டம்ளரை வைத்தார் அப்பா. "அப்புறம் சட்டை ஏன் நார்நாராக் கிழியுது?"

"அதைத்தான் நேர்ல போய்ப் பாக்கப்போறேன்," என்றாள் அத்தை.

துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் கதவோரப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். மெத்தை மேல் ஒவ்வொரு ஜோடியும் சட்டையைப் பற்றியபடி நின்றது. ஒரு கை எதிராளியின் கழுத்துப்பட்டையில், மறு கை சட்டைக்கையில்.

"அடப்பாவிகளா, நான் தைச்சுக் குடுத்த சட்டைய நீங்க கைப்பிடியாவா வச்சிருக்கீங்க?" என்றாள் அத்தை. கூடமே சிரித்தது.

அடுத்த முறை பட்டையைத் தடிமனாக மடித்து வரிவரியாகத் தையல் ஓட்டினாள். ஒன்றுகூடப் பிரியவில்லை. ஆனால் சட்டை கொடுக்கப் போனவள் வீட்டுக்கு வர மறந்தாள். சங்கத்தில் சேர்ந்தே விட்டாள். முதல் பாடமே விழுவதுதான். மோவாய் நெஞ்சோடு ஒட்ட வேண்டும், கை பளாரென்று மெத்தையை அறைய வேண்டும். வீட்டிலும் பழைய மெத்தையை விரித்து அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் பதறி ஏறி வந்தார்.

"ஒண்ணுமில்லீங்க, நான்தான் விழறேன்," என்று அவரைத் திருப்பி அனுப்பினாள்.

பயிற்சியாளர் பகலில் லாரி ஓட்டுபவர். "அவங்க தள்ளினா நீங்க எதிர்த்துத் தள்ளாதீங்க. சாத்தின கதவ ஒருத்தர் முட்டும்போது உள்ள இருந்து படக்குன்னு திறந்தா என்ன ஆகும்? அவங்க பலமே அவங்களச் சாய்ச்சுடும். உங்க பலத்த அந்த நேரத்துக்கு மட்டும் செலவு பண்ணுங்க," என்பார்.

அத்தைக்கு எல்லாம் பிடிபட்டது. ஒரே ஒரு கோளாறு. தையல் பிரிகிற சத்தம் கேட்டால் அவள் விரல்கள் தானாகச் சட்டையை விட்டுவிடும். போட்டிகளில் அப்படித்தான் தோற்றாள். ஒரு நாள் பயிற்சியில், கடைச் சட்டை போட்டு வந்த தன் ஜோடிப் பெண்ணைப் பாதி தூக்கி, பிரிகிற சத்தம் கேட்டதும் அப்படியே விட்டாள். அந்தப் பெண் தோளில் அடிபட்டு, அதோடு வருவதை நிறுத்திவிட்டாள்.

"துணிக்குப் பாவம் பாக்குறீங்க, ஆளுக்குப் பாக்க மாட்டேங்குறீங்க," என்றார் பயிற்சியாளர். "கடைசிவரைக்கும் சட்டைக்கையப் பிடிச்சிருந்தாத்தான் விழறவங்களுக்கு அடிபடாது. ரெண்டு பேரும் சேர்ந்து முன்னேறத்தான் இந்த வித்தையே. இன்னொரு தடவ விட்டீங்கன்னா, தைக்கிறதோட நிறுத்திக்கங்க. மெத்தைக்கு வராதீங்க."

அடுத்த போட்டிக்கு அப்பாவும் என்னோடு வந்தார். எதிரே நின்றவள் ஒரு ரொட்டிக்கடைக்காரி. மாவு மூட்டை தூக்கித் தூக்கி உரமேறிய கைகள். அவள் போட்டிருந்தது எங்கோ வாங்கிய மெல்லிய சட்டை. பிடித்தவுடனே அத்தை முகம் சுளித்ததைப் பார்த்தேன்.

ரொட்டிக்கடைக்காரி தள்ளிக்கொண்டே வந்தாள். அத்தை பின்வாங்கினாள், இன்னும் பின்வாங்கினாள், மெத்தையின் ஓரம்வரை போய்விட்டாள். பயிற்சியாளர் சொன்ன கதவு அங்கே திறந்தது. சட்டெனத் திரும்பி, இடுப்பை அடியில் கொடுத்து இழுத்தாள்.

டர்ர்ர்.

கழுத்துப்பட்டை பிரிந்தது. நான் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டேன். "போச்சு," என்றார் அப்பா.

போகவில்லை. விரல்கள் இறுகின. அந்தப் பெரிய உடம்பு அத்தையின் இடுப்பைத் தாண்டிச் சுழன்று முதுகு முழுக்க மெத்தையில் படிந்தது. சட்டைக்கை இன்னும் அத்தையின் பிடியில்தான் இருந்தது. நடுவரின் கை நேராக மேலே போனது. முழு வெற்றி. அப்பா முன்பின் தெரியாத ஒருவரின் தோளை உலுக்கி, "என் தங்கச்சிங்க, என் கூடப்பொறந்தவ," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

வணக்கம் முடிந்ததும் அத்தை பையிலிருந்து ஊசிநூலை எடுத்தாள். "சட்டையக் கழட்டிக் குடுங்க. யாருங்க தைச்சது, ஓட்டை ஓட்டையா?"

"தூக்கியும் போட்டுட்டு, தைச்சும் தர்றீங்களே," என்று ரொட்டிக்கடைக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பஸ்ஸில் வரும்போது அத்தை அந்த ஒரு இழுப்பைக் கையாலேயே திரும்பத் திரும்பச் செய்துகாட்டினாள். முன்சீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொண்ணு போனதுலேர்ந்து எனக்கு ஜோடி இல்ல. சுவத்தத் தூக்கிப் போட்டுப் பழக முடியுமா? நீ அந்தப் பெஞ்சத் தேய்ச்சது போதும். நாளைக்கு வந்து எனக்காகக் கொஞ்சம் விழறியா? சட்டைய விடமாட்டேன்."